வெறும் வயிறு

பரிசோதனைக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

இயந்திரத்தில் வைத்துச் சுழற்றி எடுத்த ரத்தத்தில், மேலே தெளிந்து நிற்கிற நீர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். தட்டில் இருந்த மற்ற குழாய்களெல்லாம் அப்படித்தான் சமர்த்தாக நின்றன. இது ஒன்று மட்டும் மாதுளைச் சாறு மாதிரி சிவந்துபோயிருந்தது. உள்ளே அணுக்கள் உடைந்துவிட்டன என்று அர்த்தம். இனி அதை வைத்து எதையும் அளக்க முடியாது.

யாருடைய குழாய் என்று சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சார், பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டபடி மேடம் வந்தார். அந்தப் பரிசோதனைக் கூடத்துக்கு அவர்தான் தலைவர்.

"மாமனார் மேடம்..."

"ஐயையோ. என்னாச்சு அவருக்கு?"

"அவர் நல்லாத்தான் இருக்கார் மேடம். ரத்தம்தான் கெட்டுப்போச்சு."

ஊரில் அவரை லேப்காரர் என்பார்கள். மாமனார் வீட்டில் மாப்பிள்ளை. இந்தக் கதை முழுக்க அவர் மாமனார் வீட்டுக்கு நடையாய் நடக்கப் போவதால், நாமும் மாப்பிள்ளை என்றே சொல்லிவிடலாம்.

மேடம் ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். நம் உடம்பின் கொழுப்புச் செல்கள் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. சாப்பிட்ட சர்க்கரையையும் கொழுப்பையும் உடம்பு ஒழுங்காகச் செலவழிக்கிறதா என்று அது காட்டிக்கொடுக்கும். ரத்தத்தில் அது தாராளமாக இருந்தால் பெரும்பாலும் நல்லது. வேடிக்கை என்னவென்றால், கொழுப்பிலிருந்தே பிறந்தாலும் கொழுப்பு கூடக்கூட அது குறைந்துபோகும், தொந்தி வைத்தவர்களிடம் கோபித்துக்கொண்டு போன மாதிரி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களிடம் அதை அளந்து பார்ப்பது மேடத்தின் திட்டம். ஆள் சேர்க்கிற வேலை மாப்பிள்ளையுடையது. கடைசி ஒரு ஆள் கிடைக்காமல், மாமனாரையே கேட்டுவிட்டார்.

"அடிப்போனெக்டின்னு ஒரு புரதம் மாமா..."

"அடிப்போமா? யாரை?"

"யாரையும் அடிக்கல மாமா. அளக்கறோம்."

"அளந்துட்டு அடிப்பீங்களா?"

மாப்பிள்ளையின் மனைவிதான் அப்பாவைச் சமாதானப்படுத்தினாள். வீட்டுக்கு வந்ததும் கணவரைப் பிடித்துக்கொண்டாள். "எங்கப்பாவுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு கல்யாணமான நாள்லேருந்து சொல்றீங்க. இப்ப மிஷின் வெச்சே அளக்கப் போறீங்க. திருப்திதானே? சரி, உங்க ரிப்போர்ட்டு என்னாச்சு? டாக்டர் நடக்கச் சொன்னாரே?"

"நாள் பூரா லேப்ல நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"நிக்கறதும் நடக்கறதும் ஒண்ணா?"

மாப்பிள்ளை பேச்சை மாற்றி, காற்சட்டையின் மேல் பொத்தானை மெதுவாகக் கழற்றிவிட்டுக்கொண்டார்.

இப்போது மேடம் கெட்டுப்போன குழாயை வாங்கிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "சரி, மறுபடியும் எடுத்துட்டு வாங்க. மத்த எல்லாரோட ரத்தமும் உறைபெட்டியில பத்திரமா இருக்கு. கைவசம் அந்தப் புரதத்தை அளக்கற குழித் தட்டு ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. மாசக் கடைசியோட அதுக்கு ஆயுசு முடியுது. எல்லாத்தையும் ஒண்ணா ஓட்டணும். உங்க மாமனாரு குழிய மட்டும் காலியா விட முடியாது."

"ஒரே நாள்ல முடிச்சுடறேன் மேடம். வீட்டு மனுஷர்தானே?"

"வெறும் வயித்துல எடுக்கணும். இந்தப் புரதத்துக்குச் சாப்பாடு பெரிய விஷயமில்ல. ஆனா அதே ரத்தத்துல சர்க்கரையும் இன்சுலினும் பாக்கணும். ஒரு வாய் சாப்பிட்டிருந்தாலும் வேணாம்."

மாப்பிள்ளை மாமனாருக்குப் போன் போட்டார்.

"முட்டி வலி மாப்ள. இறங்க முடியாது. நீங்க வந்து எடுத்துக்கோங்க," என்றார் மாமனார்.

அவர் வீடு மேட்டுத் தெருவின் உச்சியில் இருந்தது. தண்ணீர்க் குழாய் பதிக்கிறோம் என்று தெருவை அடியிலிருந்து நுனிவரை தோண்டிப் போட்டிருந்தார்கள். பஸ் கிடையாது, ஸ்கூட்டர் கூட ஏறாது. மறுநாள் விடியற்காலையில் மாப்பிள்ளை வண்டியைக் கீழே நிறுத்தினார். ஒரு தோளில் ஊசி, குழாய், பஞ்செல்லாம் இருந்த பை. இன்னொரு கையில் ரத்தத்தைக் கெடாமல் கொண்டுவர ஐஸ் நிரப்பிய பெட்டி. மண்குவியலுக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஏறத் தொடங்கினார்.

பாதி மேட்டில் ஒரு பெண் ஜன்னலைத் திறந்து, "ஐஸ்காரரே, இந்நேரத்துக்கேவா?" என்றாள்.

பதில் சொல்ல மூச்சு இல்லை. கையை மட்டும் ஆட்டினார். அவள் பாத்திரத்தோடு வெளியே வந்துவிட்டாள்.

மாமனார் வீட்டு வாசலை அடைந்தபோது முகம் சிவந்து, சட்டை நனைந்து, வாய் திறந்திருந்தது. அத்தை ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். மாமனார் நாற்காலியில் உட்கார்ந்தபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கீழேருந்து எத்தனை மணிக்குக் கிளம்புனீங்க?"

மாமனார் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கிளம்பிய நேரமும் சேர்ந்த நேரமும் கேட்காமல் அவர் யாரையும் உட்காரவிட்டதில்லை. மாப்பிள்ளை விரலால் நேரத்தைக் காட்டினார்.

"ரொம்ப லேட்டு," என்றார் மாமனார்.

மூச்சு அடங்கியதும் மாப்பிள்ளை பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டி, ஊசியின் மூடியைக் கழற்றினார்.

"அடடா," என்றார் மாமனார். "ஒரு பிஸ்கட் சாப்பிட்டுட்டேனே."

"எப்ப மாமா?"

"இப்பத்தான். நீங்க வர்றதுக்குச் சித்த முன்னாடி."

"வெறும் வயித்துல இருக்கணும்னு சொன்னேனே!"

"ஒரு பிஸ்கட் போனா வயிறு நிறைஞ்சுடுமா? வெறும் வயிறு மாதிரிதான்."

மாப்பிள்ளை ஊசியை மூடினார். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

மறுநாளைக்கு ஒரு வழி செய்தார். அத்தையிடம் சொல்லி பிஸ்கட் டப்பாவை ஒளித்துவைக்கச் சொன்னார். மேடு ஏறிப் போய்ச் சேர்ந்தால், மாமனார் முட்டி வலி மாத்திரையைப் பாலில் போட்டுக் குடித்திருந்தார். அதற்கு மறுநாள் மாத்திரையையும் ஒளித்தார்கள். மாமனார் அலமாரியில் எங்கோ கிடந்த வேர்க்கடலையைக் கண்டுபிடித்துவிட்டார்.

"உங்களுக்குத்தான் முட்டி வலியாச்சே! அலமாரி மேல எப்படி ஏறுனீங்க?"

"பசிக்கு முட்டி தெரியுமா மாப்ள?"

அத்தைக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார்.

மாப்பிள்ளை கடைசி அஸ்திரத்தை எடுத்தார். சமையலறையையே பூட்டச் சொன்னார். "சாவி என்கிட்டேயே இருக்கட்டும் அத்தை. உங்ககிட்ட இருந்தா கேட்டு வாங்கிடுவார்." அன்று மாலை பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். காலையில் முதல் வேலையாகத் திறந்துவிடுவதாக ஏற்பாடு.

காலையில் போனார். திறந்தும்விட்டார். ஆனால் மாமனாரின் மீசையில் ரொட்டித் தூள் ஒட்டியிருந்தது.

"மாமா!"

"வீட்ல பூட்டிட்டீங்க. முக்கு ரொட்டிக் கடைக்குப் போயிட்டேன். மனுஷன் பட்டினி கிடக்க முடியுமா?"

வந்த ஆத்திரத்தில் மாப்பிள்ளை தன்னை மறந்து சமையலறையை மறுபடியும் பூட்டி, சாவியோடு இறங்கிப் போய்விட்டார். லேபில் கையுறை மாட்டியபோது போன் வந்தது. "மாப்ள," என்றார் அத்தை மிகப் பணிவாக, "மதியத்துக்குச் சமைக்கணும்." அன்றைக்கு உச்சி வெயிலில் அவர் இரண்டாவது முறையாக மேடு ஏறினார். குழாய் பதிக்கிற ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "ஐஸ் சார், இப்ப பொட்டியக் காணோமே?" என்று ஒருவர் அக்கறையாகக் கேட்டார்.

"அந்த ரொட்டிக் கடைக்காரர்கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன் அத்தை, மாமாவுக்கு எதுவும் குடுக்காதீங்கன்னு."

"ஐயோ, வேணாம் மாப்ள. வீட்டு மாப்பிள்ளை கடையில போய் நின்னு அப்படிப் பேசுனா நல்லாவா இருக்கும்? நான் பேசிக்கறேன்."

அத்தை பேசினாரோ என்னவோ, மறுநாளும் மீசையில் தூள் இருந்தது. மாப்பிள்ளை இன்னும் முன்னதாகக் கிளம்பிப் பார்த்தார். அப்போதும் மாமனார் பக்கத்துச் சந்து வழியாக அவசரமாக வந்து, வாயைத் துடைத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். வேகமாக ஏறிப் பிடித்துவிடலாம் என்று இன்னொரு நாள் விறுவிறுவென்று ஏறினார். மாமனார் கடிகாரத்தைப் பார்த்து, "பரவால்லியே, இன்னிக்கு எக்ஸ்பிரஸ்!" என்றார். தூள் மட்டும் மீசையில் அப்படியே இருந்தது.

இப்படியே மாசம் தேய்ந்துகொண்டு போனது. லேபில் மேடம் தினமும் கேட்டார்.

"இன்னிக்கு?"

"பன்னு மேடம்."

"நேத்து?"

"நேத்து ரஸ்க்கு."

"சார், நான் ரத்தம் கேக்கறேன். நீங்க மெனு சொல்றீங்க."

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாமனாரும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டது மொத்தமே "வாங்க", "வரேன்" இரண்டுதான். இப்போது ரத்தம் எடுக்க முடியாமல் போன பிறகு, மூச்சு அடங்கும்வரை உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்தால் பேச வேண்டியிருந்தது. டிப்போவில் ஒரு பஸ் டிரைவரே இல்லாமல் நகர்ந்து போய்க் கழுவுகிற தொட்டியில் தானாக நின்ற கதையை மாமனார் சொன்னார். குழிகளில் மருந்தை மாற்றி ஊற்றிவிட்டு, தட்டு முழுக்க ஒரே நிறமாகிப் போன நாளைப் பற்றி மாப்பிள்ளை சொன்னார். இருவரும் சிரித்தார்கள். அத்தை பழம் நறுக்கிக் கொண்டுவந்து வைத்தார். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவர் மாப்பிள்ளை. காலை நேரத்தில் ஒரு பெரியவர் எதிரே உட்கார்ந்து பேசுகிற சுகம் அவருக்கு முன்பின் தெரியாது. இறங்கும்போது கோபமாக இறங்க முயற்சி செய்வார். பாதி மேட்டிலேயே கோபம் கரைந்துவிடும்.

கடைசியில் மேடம் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"நாளன்னிக்குத் தட்டு ஓட்டணும். உங்க மாமனாரை விட்டுடலாம் சார். ஒரு ஆள் குறைஞ்சா கணக்கு கொஞ்சம் இடிக்கும். ஆனா வேற வழியில்ல. நீங்களும் பாவம், எவ்வளவுதான் அலைவீங்க?"

மாப்பிள்ளை எழுந்து நின்றார். இவ்வளவு நாள் பொறுத்துக்கொண்ட மனுஷி. வேறு யாராக இருந்தாலும் முதல் வாரமே சத்தம் போட்டிருப்பார்கள். "நாளைக்கு ஒரே ஒரு தடவை மேடம். நாளைக்கும் தூள் இருந்தா நானே அவரு பேரை அடிச்சுடறேன்."

அன்று மாலை மனைவியிடம் நிலைமையைச் சொன்னார். அவள் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். வெகுநேரம் கழித்து வந்தவளின் கண்ணில் நீர் இருந்தது. அப்பாவிடம் சண்டை போட்டு அழுதிருக்கிறாள் என்று மாப்பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை.

"எனக்காக உங்கப்பாவைத் திட்டினியா?"

"நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். நாளைக்குக் கண்டிப்பா குடுப்பார். போய் எடுத்துட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் அவர் மேடு ஏறிக்கொண்டிருந்தபோது மேடம் போன் செய்தார். தட்டு எப்போது வெளியே எடுப்பது, எந்த வரிசையில் யார், கரைசல் எவ்வளவு என்று அடியிலிருந்து உச்சிவரை பேசிக்கொண்டே போனார். ஒரு கையில் போன், மறு கையில் ஐஸ் பெட்டி. நடுநடுவே பெட்டியைக் கீழே வைத்து, நழுவுகிற காற்சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. வேலை முடிந்து மண்ணை மூடிக்கொண்டிருந்த குழாய் ஆட்கள் கை காட்டினார்கள். ஜன்னல் பெண்ணும் இப்போதெல்லாம் பாத்திரம் எடுத்து வருவதில்லை. "இன்னிக்காவது குடுப்பாராங்க?" என்று கேட்டாள்.

மாமனார் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். மீசை துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். "உம்," என்றார் திருப்தியாக.

"மாமா, ஏதாவது..."

"பச்சத் தண்ணிகூடப் படல. எடுங்க மாப்ள."

மாப்பிள்ளை பட்டையைக் கட்டினார். நரம்பைத் தடவி, ஊசியை மெதுவாக ஏற்றினார். ரத்தம் அடக்கமாகக் குழாயில் இறங்கியது.

"வலிக்கவே இல்லியே. உங்க கை நல்ல கை," என்றார் மாமனார்.

இந்த வேலைக்கு வந்ததிலிருந்து எத்தனையோ பேரின் கையைக் குத்தியிருக்கிறார். இப்படி ஒரு வார்த்தையை வீட்டு மனுஷர் வாயிலிருந்து கேட்டதில்லை. "ரொம்ப தேங்க்ஸ் மாமா," என்றார், குழாயை ஐஸில் புதைத்தபடி.

"எனக்கு எதுக்கு தேங்க்ஸு? ஓடுங்க, ஐஸ் உருகுது."

ஓடினார். நிஜமாகவே ஓடினார்.

மறுநாள் தட்டு ஓடியது. உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டு. அதில் வரிசை வரிசையாகக் குட்டிக் குழிகள். ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு குழி. ரத்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஊறவைத்து, கழுவி, மருந்து சேர்த்துக் காத்திருந்தார். நிறமில்லாத குழிகள் மெல்ல மெல்ல நீலம் பிடித்தன. ஒன்றில் வெளிர்நீலம், ஒன்றில் அடர்நீலம். கடைசி மருந்தை விட்டதும் அத்தனையும் மஞ்சளாக மாறின. புரதம் எங்கே நிறைய இருக்கிறதோ அங்கே மஞ்சள் தூக்கலாக இருக்கும். மாமனாரின் இரண்டு குழிகளும் பொன் மாதிரி மின்னின.

இயந்திரம் படித்துச் சொன்ன எண்களை மேடம் பார்த்தார். சர்க்கரையும் இன்சுலினும் ஒழுங்கு.

"இந்த வயசுக்குப் பிரமாதம் சார். உங்க மாமனாரும் நல்லா இருக்கார், ரத்தமும் நல்லா இருக்கு. ஒரு குழிகூடக் காலியில்லாம முடிச்சுக் குடுத்தீங்க. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"எனக்கு வேணாம் மேடம். எங்க வீட்ல சொல்லணும்."

மாலையில் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மேட்டுத் தெருவில் குழாய் பதித்து முடித்து, மண் மூடி, பஸ்கூட விட்டுவிட்டார்கள். பாதி மேடு நடந்து ஏறிய பிறகுதான் ஒரு பஸ் தன்னைத் தாண்டிப் போவதைக் கவனித்தார். பரவாயில்லை என்று நடந்தார். மனசு நிறைந்திருந்தது. யாருக்கெல்லாம் கடமைப்பட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே போனார். பொறுமை காத்த மேடம், பழம் நறுக்கித் தந்த அத்தை, அப்பாவையே எதிர்த்துப் பேசிய மனைவி, தினம் கை காட்டிய குழாய் ஆட்கள். எல்லாருக்கும் மேலாக மாமனார். பாவம், சாப்பாட்டில் அத்தனை ஆசை உள்ளவர். தனக்காக ஒரு நாள் காலை வாயைக் கட்டினாரே! அதற்காகவாவது கைநிறைய எதையாவது வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

முக்கு ரொட்டிக் கடையில் நுழைந்தார். கடைக்காரர் மாவுக் கையைத் துடைத்தபடி நிமிர்ந்தார்.

"வாங்க மாப்ள சார்!"

"என்னைத் தெரியுமா?"

"நல்லாத் தெரியுமே. என்ன வேணும் சொல்லுங்க."

"எங்க மாமனார் தினமும் காலையில இங்க வந்து என்ன சாப்பிடுவார்? அதுல ஒரு டஜன் கட்டிக் குடுங்க."

கடைக்காரர் ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"அவரா? ஒரு நாளும் ஒரு வாய் சாப்பிட்டதில்லீங்க! 'மாப்பிள்ளைக்குச் சர்க்கரை ஏறுது, நடன்னா நடக்க மாட்டேங்கறார்'னு சொல்லிட்டு, நீங்க மூச்சு வாங்காம மேடு ஏறுறீங்களான்னு இங்க நின்னு கடியாரத்தைப் பாப்பார். அப்புறம் தட்டுல கிடக்கற ரொட்டித் தூளை எடுத்து மீசையில தடவிக்கிட்டு, சந்து வழியா வீட்டுக்கு ஓடுவார்!"